ஐம்பதுக்குத் தாவிய முள்

சுந்தரபாண்டியத்துக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி இருந்த தெருவில் முதன்முதலாகப் போட்டோ எடுத்துக்கொண்டவன் தேவஇரக்கம். கல்யாணத்துக்காக எடுத்ததல்ல, மோட்டார் லைசென்சுக்காக எடுத்தது. அந்தத் தெருவுக்கு ஊர்க்காரர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மனிதர்களைப் பிரித்து வைப்பதற்கென்றே உண்டாக்கிய பெயர்களில் அதுவும் ஒன்று, இங்கே எழுத வேண்டியதில்லை. லைசென்ஸ் புத்தகத்திலும் அது இல்லை. கையகலப் புத்தகம். முதல் பக்கத்தில் அவன் முகம், முகத்தில் பாதி விழுந்த சர்க்கார் முத்திரை, கீழே அவன் பெயர். பெயருக்கு முன்னாலும் ஒன்றும் கிடையாது, பின்னாலும் ஒன்றும் கிடையாது. 1930ஆம் வருஷம் அவன் அதைக் கொண்டுவந்த அன்று தெருவே கூடியது. ஒவ்வொருவரும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார்கள்.

அவனுடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் நின்றவர். பண்ணை வீட்டிலிருந்து குரல் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். தேவஇரக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தான். பிறகு ஒரு கங்காணியோடு மலையேறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். அங்கே லாரி கழுவினான், லாரிக்கு அடியில் படுத்துப் படுத்து அதன் குடலை மனப்பாடம் செய்தான், கடைசியில் அதை ஓட்டவும் ஓட்டினான். கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டை ஏற்றிய லாரியை இறக்கிப் பழகியவனுக்கு வேகம் காதில் தெரியும். எஞ்சின் போடும் சத்தத்தை வைத்தே பதினைந்து மைலா இருபது மைலா என்று சொல்லிவிடுவான். முள்ளைப் பார்த்து ஓட்டும் வழக்கம் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

மலையிலிருந்து இறங்கியதும் ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி தங்கச்சாமி முதலாளியிடம் கார் ஓட்டச் சேர்ந்தான். எட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினான். 1938 தை மாதம் முதலாளி புதுக் கார் வாங்கினார். கறுப்பு வண்டி, உள்ளே மரப்பலகை பதித்த டேஷ்போர்டு. நல்ல நாள் பார்த்து, குலசாமி உருவம் அடித்த ஒரு பித்தளைத் தகட்டை அந்தப் பலகையில் பொருத்த ஏற்பாடாயிற்று. ஆசாரி வந்தார். வீட்டுப் பெண்கள் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

"ஏலே தேவம், சாமி காரியம் நடக்குது. செத்த நேரம் வெளிய நில்லு" என்றார் முதலாளி.

தேவஇரக்கம் வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் போய் நின்றான். அவனுக்கு அது பழக்கம்தான். நல்ல காரியம் எது நடந்தாலும் வெளியே நிற்கிற கூட்டத்தில் பிறந்தவன். அந்த வண்டியின் பலகைக்குப் பின்னால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்க, தெரியாத பத்துப் பேர் உள்ளே நின்று தகட்டை மாட்டினார்கள். ஆசாரி கையில் அப்போது சின்னத் திருகாணி இல்லை. கதவுக் கீலுக்குப் போடும் நீளத் திருகாணியைப் போட்டு இறுக்கிவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. வண்டி முழுக்கத் தேவஇரக்கம் துடைக்கலாம், தகடும் அதைச் சுற்றி ஒரு சாணும் தவிர. காலையில் பூ வைப்பவர் முதலாளி. துடைப்பவரும் அவரே.

பங்குனி பிறக்கும்போது வேக மீட்டரின் முள் ஆட ஆரம்பித்தது. வண்டி மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும், முள் பத்தில் தூங்கும், திடீரென்று ஐம்பதுக்குத் தாவும், மறுபடி விழும்.

"மொதலாளி, முள்ளு சரியில்ல. பிரிச்சுப் பாக்கணும்."

"புது வண்டியில என்னத்தப் பிரிக்கிறது? உன் காலு சும்மா இருந்தா முள்ளும் சும்மா இருக்கும்."

இன்னொரு முறையும் சொன்னான். அதே பதில்தான். மீட்டர் இருந்ததோ தகட்டுக்குப் பக்கத்தில், அந்த ஒரு சாணுக்குள்ளே. அவனும் விட்டுவிட்டான். காது இருக்கும்போது முள் எதற்கு?

முதலாளி அப்படி விடவில்லை. பின் ஸீட்டில் உட்கார்ந்தபடி தோளுக்கு மேலாக முள்ளையே பார்த்துக்கொண்டு வருவார். முள் தாவும்போதெல்லாம் "பறக்கானே, பறக்கானே" என்று புலம்புவார். வெள்ளைக்காரன் ஊரிலிருந்து கண்ணாடி போட்டு வந்த மீட்டர் பொய் சொல்லும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. எட்டு வருஷம் ஓட்டிய மனிதன் பொய் சொல்லுவான் என்று நினைக்க மட்டும் முடிந்தது.

அந்தப் பங்குனியிலேயே ஒரு முற்பகல், மகாராஜபுரத்தில் பஞ்சு பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. புதுப்பட்டி எல்லையில் பதினைந்து மைல் என்று பலகை நட்டிருக்கும். தேவஇரக்கம் எஞ்சின் சத்தத்தைத் தணித்துப் பதினைந்துக்குள் கொண்டுவந்தான். முன்னால் ஒரு மாட்டுவண்டி, அதற்காக இன்னும் தணித்தான். ஓரமாகப் புல்லுக்கட்டு சுமந்துகொண்டு வெள்ளைத்தாய் என்ற நடுவயதுப் பெண் போய்க்கொண்டிருந்தாள். காரின் ஆரன் சத்தத்தில் மாடு மிரண்டு ஒதுங்க, மாட்டுவண்டி அவளை இடிக்க, அவள் நேரே காருக்கு முன்னால் வந்து விழுந்தாள். தேவஇரக்கம் பிரேக்கில் ஏறி நின்றான். மூன்று முழத்தில் வண்டி நின்றது. அதற்குள் மட்கார்டு பட்டு அவள் கணுக்கால் ஒடிந்துவிட்டது.

பிரேக் பிடித்த அந்த நொடியில் முதலாளி பார்த்தது முள்ளை. அது ஐம்பதில் இருந்தது.

தேவஇரக்கம் அவளைத் தூக்கிப் பின் ஸீட்டில் படுக்க வைத்து, முதலாளியை முன்னால் உட்கார வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போலீஸ் வந்தது. முதலாளியைக் கேட்டது. "ஐம்பது மைலில் ஓட்டினான், என் கண்ணால் பார்த்தேன்" என்று அவர் எழுதிக் கொடுத்தார். வெள்ளைத்தாயை யாரும் கேட்கவில்லை. அவள் புல் விற்பவள். மீட்டருக்கு இருந்த மரியாதை அவள் கண்ணுக்கு இல்லை.

லைசென்சைப் பறித்துக்கொண்டார்கள். கார் வழக்குக்கு ஆதாரப் பொருளாக, கோர்ட்டு உருப்படி ஆகி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டது. வழக்கு முடியும்வரை ஒரு அடி நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. வண்டியைப் பரிசோதிக்க ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். நின்ற வண்டியில் முள் பூஜ்யத்தில் நின்றது. பூஜ்யத்தில் நிற்கும் முள் சரியான முள்தானே. "மீட்டர் பழுதில்லை" என்று எழுதிவிட்டுப் போனார்.

வக்கீல் குமாஸ்தா நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னான்: "குத்தத்த ஒத்துக்கிட்டா அபராதத்தோட போகும். லைசென்ஸ் போகும், அது எப்படியும் போகத்தான் போகுது."

அந்த இரண்டாவது வாக்கியம் தேவஇரக்கத்துக்கு இரும்பை விழுங்கியதுபோல் இருந்தது. லைசென்ஸ் போனால் அவன் யார்? வாய்க்காலுக்கு அப்பால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள்.

வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லத்தான் அவன் ராஜபாளையத்தில் கருத்தையாவைப் பார்க்கப் போனான். கருத்தையா ஒரு நூல் மில்லில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். மகாராஜபுரத்தில் நிலம் வைத்து விவசாயம் செய்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. சாமியும் கிடையாது சாதியும் கிடையாது என்று உரக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் எப்போது நிறுத்துவார்கள் என்று அவன் காத்திருந்தான். கார் வேலை ஏதாவது என்றால் தேவஇரக்கம் போய்க் கேட்பது அவனைத்தான்.

மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை. தேவஇரக்கத்துக்கு டீ சிரட்டையில், கடைக்கு வெளியே. கருத்தையா தன் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றுதான் எப்போதும் குடிப்பான். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். இவனும் திருப்பிச் சுளிப்பான்.

"ஒத்துக்கிடப் போறேன் அண்ணாச்சி."

"எத ஒத்துக்கிடப் போற? ஐம்பதுல ஓட்டுனதையா?"

"பதினஞ்சுகூட இருக்காது. ஆனா முள்ளு அப்படிக் காட்டுச்சே."

"வண்டி எம்புட்டுத் தூரத்துல நின்னுச்சு?"

"மூணு மொழம்."

கருத்தையா டீயைக் கீழே வைத்தான். "ஐம்பதுல வந்த வண்டி மூணு மொழத்துல நின்னா, பின்னால இருந்த உன் மொதலாளி இந்நேரம் கண்ணாடி வழியா வத்திராயிருப்புக்குப் பறந்துபோயிருப்பாரு. அவரு எங்க இருந்தாரு?"

"ஸீட்டுலதான் இருந்தாரு. வெத்தலப்பெட்டிகூட மடியவிட்டு விழல."

"அப்ப முள்ளு பொய்யி. முள்ளு பொய் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். பேய் பிசாசு புடிச்சு ஆடாது அது. எங்க வண்டி?"

"கோர்ட்டு வாசல்ல. ஓட்டக் கூடாது அண்ணாச்சி. ஓட்டாம எப்படிப் பாக்க?"

"மில்லுல ஓடுற மிஷின நிறுத்தித்தாம்லே பாப்போம். ஓடும்போது கைய விட்டா கை போயிரும்."

அடுத்த வாய்தா புதன்கிழமை. கருத்தையா மில்லில் லீவு சொன்னான்; ஒரு நாள் கூலி போகும் என்று மேஸ்திரி சொன்னதற்கு, போகட்டும் என்றான். ஒரு கோணிச்சாக்கில் ஸ்பேனர்களையும் மில்லில் கேட்டு வாங்கிய கை டிரில் ஒன்றையும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான். தேவஇரக்கம் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்கவும் மாட்டான், அப்படிப் பழக்கப்பட்டவன். கேட்காமல் ஒருவன் தனக்காகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்பதை நம்புவதற்கே பஸ் பாதி வழி போகவேண்டியிருந்தது.

சப் மாஜிஸ்திரேட் வயதானவர், சிடுசிடுப்பானவர், ஆனால் கேட்டதைக் காதில் வாங்குகிறவர். ஒத்துக்கொள்கிறாயா என்ற கேள்விக்குத் தேவஇரக்கம் வாயைத் திறக்குமுன் பின்னால் நின்ற கருத்தையா கையைத் தூக்கினான்.

"எசமான், வண்டிய நகத்த வேண்டாம். நிக்கிற வண்டியிலயே முள்ளு ஆடுறத நான் காட்டுதேன். ஆடலேன்னா என்னையும் சேத்து உள்ள போடுங்க."

"உன்னை எதற்கு உள்ளே போடுவது? நீ யார்?"

"மில் பிட்டர். வேற ஒண்ணுமில்ல."

மாஜிஸ்திரேட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும் நேரம். "நடந்துகொண்டே பார்க்கிறேன், வா" என்று இறங்கி வந்தார். சாட்சி சொல்ல வந்திருந்த முதலாளியும் வந்தார். வேப்பமரத்தடியில் காவல் நின்ற போலீஸ்காரர் தேவஇரக்கத்தை மட்டும் தடுத்தார்: "வழக்குல எதிரி நீ. உருப்படியத் தொடக் கூடாது. அங்கயே நில்லு."

மறுபடியும் வெளியேதான். பத்தடி தள்ளி, கோர்ட்டு வாசலில் நிழலுக்குப் போட்டிருந்த பந்தலின் பந்தக்கால் ஓரமாக அவன் நின்றான்.

கருத்தையா சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தான். கியர் பெட்டிக்குப் பின்னாலிருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் போகும். வெளியே வளையும் உறை, உள்ளே முறுக்கிய கம்பி. சக்கரம் சுற்றினால் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் முள் ஏறும், அவ்வளவுதான் வித்தை. அடி முனையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தான். பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு மேல் முனையையும் கழற்றினான். ஒரு வேப்பங்குச்சியைச் சதுரமாகச் சீவி மீட்டரின் துளையில் செருகி, இரண்டு விரலால் உருட்டினான். முள் மெள்ள ஏறியது. விட்டதும் மெள்ள இறங்கியது. நாலு தடவை உருட்டினான், நாலு தடவையும் அதே சாதுவான போக்கு.

"மீட்டர் மேல பழியில்ல" என்றான்.

"இன்ஸ்பெக்டரும் அதைத்தானே எழுதியிருக்கிறார்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அவரு பழியில்லன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு எசமான். நான் இன்னும் போகல."

தேவஇரக்கம் பல்லைக் கடித்துக்கொண்டான். இந்த வாய் தன்னைக் காப்பாற்றுமா கவிழ்க்குமா என்று தெரியவில்லை. மாஜிஸ்திரேட் மீசைக்குள் ஏதோ அசைந்தது, கோபம் இல்லை போலிருந்தது.

கருத்தையா உள்கம்பியை உறையிலிருந்து முழுக்க உருவினான். விரலால் தடவிக்கொண்டே வந்தான். முழுக்கக் கிரீஸ் படிந்து கறுத்திருந்த கம்பி, மேல் முனைக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் புது ஊசிபோல மின்னியது. அங்கே முறுக்கு நசுங்கி இரண்டு இழை அறுந்திருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கம்பியை உறையின் மேலேயே நீட்டிப் பிடித்து அளந்தான். விரல் போய் நின்ற இடம் டேஷ்போர்டுக்குப் பின்னால், மீட்டருக்கு ஒரு சாண் முன்னால்.

அவன் குனிந்தபடியே குரல் கொடுத்தான்: "ஏலே தேவம், இந்த எடத்துல பலகைக்குப் பின்னால என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"எட்டு வருஷம் கார் ஓட்டுறவன், தெரியாதுங்குற?"

"அந்தப் பக்கம் என் கை போகக் கூடாது."

முன்பக்கம் அதே இடத்தில், காய்ந்த பூச்சரத்துக்கு நடுவே, பித்தளைத் தகடு வெயிலில் பளபளத்தது.

கருத்தையா தீக்குச்சி கிழித்துப் பலகைக்குப் பின்னால் பார்த்தான். தகட்டின் திருகாணி பலகையைத் துளைத்து, கட்டைவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு, உறையை ஓரமாகத் தள்ளி நசுக்கி, முனையால் கிழித்து நின்றது. "எசமானே செத்தக் குனிஞ்சு பாருங்க" என்றான். மாஜிஸ்திரேட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

கம்பியை உள்ளே விட்டு மேல் முனையை மாட்டினான். கீழ் முனையைக் கை டிரிலில் பிடித்து, மறுபடி வண்டிக்கடியில் படுத்தான். "கைப்பிடி ஒரு சுத்துக்குக் கம்பி நாலு சுத்து சுத்தும். நான் ஒரே சீரா சுத்துதேன். முள்ளு என்ன காட்டுதுன்னு மொதலாளியே வாசிக்கட்டும். அவியதான் முன்னாலயும் வாசிச்சாக."

முதலாளி பின் ஸீட்டில் ஏறி, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். அடியிலிருந்து கைப்பிடியின் சத்தம் சீராக வந்தது. தேவஇரக்கம் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டான். ஒரு பிசகும் இல்லாத சுற்று.

"பத்து" என்றார் முதலாளி. "எட்டு. ஒம்பது." பிறகு குரல் மாறியது. "ஐம்பது."

"வண்டி எங்க போகுது மொதலாளி?" என்று அடியிலிருந்து கேள்வி வந்தது.

முதலாளி வெளியே பார்த்தார். வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. ஐம்பது மைலில் நின்றது.

"கம்பி அந்தத் திருகாணியில சிக்கி முறுக்கேறி நிக்கும். பொறவு சடார்னு அவுந்துக்கிட்டுச் சுத்தும். அப்பத்தான் முள்ளு தாவும். இப்ப அந்தத் திருகாணியக் கழட்டணும்."

முதலாளி இறங்கிவிட்டார். "அது மட்டும் ஆகாது. நாள் பாத்து வச்ச சாமி. கண்டவன் கை படக் கூடாது."

கருத்தையாவின் வாய் திறந்தது. அது திறந்தால் என்ன வரும் என்று தெரிந்த தேவஇரக்கம், பந்தக்கால் ஓரத்திலிருந்தே முதல்முறையாகப் பேசினான்.

"மொதலாளி. கண்டவன் கை பட வேண்டாம். நீங்களே கழட்டுங்க. எடது பக்கமாத் திருப்புனா வந்துரும்."

மாஜிஸ்திரேட் முதலாளியைப் பார்த்தார். "எதிரி சொல்வது நியாயம். நீங்களே கழற்றுங்கள்."

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினார். ஆயுளில் அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தது அன்றுதான். இரண்டு தடவை வழுக்கியது. "அமுக்கிப் புடிச்சுத் திருப்புங்க" என்று தேவஇரக்கம் சொல்லச் சொல்ல, அவர் திருப்பினார். திருகாணி வெளியே வந்தது. அதன் முனையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெள்ளிபோல மின்னியது. கம்பியில் மின்னிய அதே மினுக்கம். நசுங்கிய உறையைக் கருத்தையா கையாலேயே நிமிர்த்தி, கம்பியை உருவி அறுந்த இரண்டு இழையையும் நறுக்கி மாட்டிவிட்டு, மறுபடி டிரிலைச் சுற்றினான்.

"பதினாலு" என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் கழித்து, "பதினாலு." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "பதினாலுதான்."

திருகாணியை உள்ளங்கையில் வைத்து அவர் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார்: "நான் பாத்தது முள்ளத்தாங்க. வண்டி போன வேகத்த நான் பாக்கல. மரமெல்லாம் மெதுவாத்தான் போச்சு, இப்ப நெனச்சுப் பாத்தா."

எட்டு வருஷத்து மனிதனை நம்பாமல் எட்டு வாரத்து முள்ளை நம்பியவர் அவர். ஆனாலும் பத்துப் பேர் முன்னால் தன் வாக்குமூலத்தைத் தானே திருத்திச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அதற்காகத் தேவஇரக்கம் அவரையும் கடைசிவரை நன்றியோடுதான் நினைத்தான். அவன் அவ்வளவு தாராளமாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அவன் குணம்.

பிற்பகலில் வெள்ளைத்தாயைக் கூப்பிட்டார்கள். காலில் கட்டோடு, ஒரு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவள் கோர்ட்டு வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி மெதுவாத்தான் வந்துச்சு சாமி. மாட்டுவண்டி இடிச்சு நான் போய் விழுந்தேன். இவுக நிறுத்தாட்டி என் தலை போயிருக்கும். கால்தான போச்சு."

"இதைப் போலீசில் ஏன் சொல்லவில்லை?"

"யாரு கேட்டா?" என்றாள் வெள்ளைத்தாய்.

மாஜிஸ்திரேட் அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பு எழுதினார். குற்றம் இல்லை; லைசென்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புத்தகம் கைக்கு வந்ததும் தேவஇரக்கம் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தான். முகம் இருந்தது, பெயர் இருந்தது. மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டான். வெளியே முதலாளி காத்திருந்தார்.

"திங்கக்கெழம வந்திருலே."

"வாரேன் மொதலாளி. ஆனா வண்டிக்குள்ள எல்லா எடத்துக்கும் என் கை போகணும். போகாத எடத்துல என்ன பழுதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னான். முதலாளி காரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்றார். அந்தப் பதில் வரவேயில்லை. ஆனி மாதம் தேவஇரக்கம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு போகும் பஸ்ஸுக்கு டிரைவரானான். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது தங்கச்சாமி முதலாளியும் அந்த பஸ்ஸில்தான் வந்தார். முன் ஸீட்டில் உட்கார்ந்து முள்ளை ஒருமுறை பார்ப்பார், பிறகு வெளியே மரங்களைப் பார்ப்பார்.

வழக்கு முடிந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை வந்தது. சுந்தரபாண்டியத்துத் தெருவில் ஓட்டுக்கூரை போட்ட கிறிஸ்தவக் கோயில் ஒன்று உண்டு. பண்டிகை அன்று அவரவர் விளைச்சலில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, எதற்காக நன்றி சொல்கிறோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். உபதேசியார் பால்துரை ஒவ்வொன்றாக வாசித்துத் தோத்திரம் சொல்வார். காய்ச்சல் தீர்ந்ததற்காக, கன்று ஈன்றதற்காக, மழை பெய்ததற்காக. பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அசனம் என்ற கோயில் விருந்தைச் சாப்பிடுவார்கள்.

தேவஇரக்கத்தின் மனைவி ஏசம்மாள் கொல்லையில் காய்த்த பெரிய பூசணிக்காய் ஒன்றை எடுத்து வைத்தாள். அவன் சீட்டு எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது? கர்த்தருக்குத்தான் எழுதணும். கருத்தையா அண்ணன் பேர எழுதுறீய?"

"ஏட்டி, கர்த்தர் காப்பாத்துனார்னே வச்சுக்கோ. சாக்கு விரிச்சுப் படுத்தது யாரு? ஒரு நாள் கூலிய விட்டது யாரு?"

"அவருக்குச் சாமியே இல்லையே."

"அவருக்கு இல்லாட்டி என்ன, எனக்கு அவரு இருக்காரே."

உபதேசியார் பால்துரை அந்தச் சீட்டைப் பிரித்து, முதலில் மனதுக்குள் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: "டிரைவர் தேவஇரக்கம் குடும்பம். லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததற்காக. கேட்காமலே வந்து கேபிளை உருவிப் பார்த்த பிட்டர் கருத்தையாவுக்காக. கேட்டதும் உண்மை சொன்ன புல்லுக்காரி வெள்ளைத்தாய்க்காக. பூசணிக்காய் ஒன்று." மற்ற சீட்டுகளுக்குச் சொன்னது போலவே "தோத்திரம்" என்றார். கோயிலும் "தோத்திரம்" என்றது.

கருத்தையா அப்போது வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு வா என்று கூப்பிட்டிருந்ததால் வந்தவன். கோயிலுக்குள் வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டான், யாரும் அவனை வெளியே நிற்கச் சொல்லவில்லை. தேவஇரக்கம் இலையை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தான்.

"ஏலே, என் பேர எதுக்குலே உங்க கர்த்தருகிட்டச் சொன்ன? அவருக்கும் எனக்கும் பழக்கமே கெடையாதே."

"பழக்கம் இல்லாததுனாலதான் அண்ணாச்சி சொல்லி வைக்க வேண்டியிருக்கு."

கருத்தையா இலையை வாங்கிக்கொண்டு மரத்தடியில் போட்டிருந்த பந்திக்கு நடந்தான். பந்தியில் இடம் இருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏசம்மாள் பூசணிக்காய்க் கூட்டை முதல் கரண்டி கருத்தையாவின் இலையில் வைத்தாள். அவன் போதும் என்று கையை மறிக்க, அவள் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டியும் வைத்தாள்.